கஷாயமும் மாத்திரையும்

முடக்குவாதம் என்று பத்திரிகைகளிலும், சரவாங்கி என்று கிராமத்துப் பெரியவர்கள் வாயிலும், வெறுமனே வாயு என்று மற்றெல்லோர் வாயிலும் வழங்குகிற நோய்க்கு ஆளானவர்கள், இங்கிலீஷ் டாக்டர் எழுதிக்கொடுத்த மாத்திரையை ஒரு வேளையும் நாட்டு வைத்தியர் கொடுத்த கஷாயத்தை மற்றொரு வேளையுமாக உட்கொண்டு, அவரிடம் இவரைப் பற்றியும் இவரிடம் அவரைப் பற்றியும் மூச்சு விடாமல் காலங்கழிப்பது நம் நாட்டில் நெடுநாளாக நடந்துவரும் விஷயம். இதை நோயாளியின் அறியாமை என்று டாக்டர்களும், நம்பிக்கைக் குறைவு என்று வைத்தியர்களும் சொல்லிவருகிறார்கள். சென்ற நூற்றாண்டின் சரித்திரத்தைச் சிறிது புரட்டிப் பார்த்தால், அந்த மௌனத்தை நோயாளிக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் அவ்விரு சாராருமே என்று தோன்றுகிறது.

விடியற்காலையில் கண் விழித்தவுடன் கைவிரல்கள் மடங்க மறுக்கும். காபி டப்பாவின் மூடியைத் திருக முடியாது. கூந்தலைப் பின்னிக்கொள்ளக் கை பின்னால் போகாது. கோலமிடக் குந்தினால் எழுந்திருக்க மற்றொருவர் துணை வேண்டும். வெயில் ஏறி ஒரு மணி, இரண்டு மணி நேரம் சென்றபின் அதே விரல்கள் ஒருவாறு இளகிக் கொடுக்கும். முதுமையில் முழங்கால் தேய்ந்து வருகிற வலி வேறு, இது வேறு. கிருமிகளை எதிர்ப்பதற்காக உடம்பில் அமைந்துள்ள காவற்சக்தியே நிலைதிரிந்து, மூட்டுக்களின் உட்புறத்தைப் போர்த்தியிருக்கும் மெல்லிய சவ்வின்மேல் பாய்ந்து அதை வீங்கச் செய்து, நாளடைவில் அடுத்துள்ள எலும்பையும் அரித்துவிடுகிறது என்பது நவீன சாஸ்திரத்தின் முடிபு. ஆண்களைக் காட்டிலும் பெண்களையே இது மிகுதியாகப் பற்றுகிறது. இந்நோய்க்கு மற்றுமோர் இயல்பு உண்டு. மருந்து இல்லாமலே சில மாதம் தணியும், காரணம் தெரியாமலே மறுபடி சீறும். ஆகையால், அது தணிகிற சமயத்தில் எவருடைய மருந்து வீட்டு அலமாரியில் இருந்ததோ அவருக்கே கைராசிக்காரர் என்ற கீர்த்தி போய்ச் சேர்ந்துவிடும். எத்தனையோ வைத்தியர்களும் டாக்டர்களும் அவ்வாறு பிரசித்தி பெற்றிருக்கிறார்கள்.

நோய் பழையது போலும். ஏழாம் அல்லது எட்டாம் நூற்றாண்டினதாகக் கருதப்படும் மாதவ நிதானம் ஆமவாதத்துக்குத் தனி அத்தியாயம் ஒதுக்கி, செரியாத அன்னத்தின் கசடு வாதத்தோடு கூடிக் கீல்களில் தங்குவதே அதன் காரணம் என்கிறது. யூகி முனிவர் பெயரால் வழங்கும் வைத்திய சிந்தாமணி வாத நோய்களை எண்பதாக வகுக்கிறது. அவ்வழி வந்த சித்த வைத்தியர்கள் முடக்குவாதத்தை வளியழல் கீல்வாயு என்றும் உதிர வாத சுரோணிதம் என்றும் அடையாளம் காண்கிறார்கள். ஏட்டிலுள்ள பெயர் ஒவ்வொன்றையும் இன்றைய நோய் ஒவ்வொன்றோடு பிசகின்றிப் பொருத்திக் காட்டுவோரிடம் எனக்கு அவ்வளவாக நம்பிக்கை இல்லை; எனினும், வீங்கிச் சிவந்து முடங்கிய மூட்டுக்களை அவர்கள் கண்ணால் கண்டே எழுதினார்கள் என்பதில் ஐயமில்லை. ஐரோப்பாவில் இது தனி நோய் என்ற உணர்ச்சி மிகப் பிந்தித்தான் வந்தது. பாரிஸ் நகரத்து ஸால்பெத்ரியேர் ஆஸ்பத்திரியில் ஒன்பது பெண்களைப் பரிசோதித்த லாண்ட்ரே-போவே என்ற இளைஞர் 1800-இல் தமது பட்டத்துக்கான கட்டுரையில் இதை விவரித்தார். அரை நூற்றாண்டுக்கு மேல் கடந்தபின் லண்டனிலே ஆல்பிரட் காரட் என்பவர் இன்று உலகெங்கும் வழங்கும் ஆங்கிலப் பெயரை இட்டார்.

நம் பக்கத்துச் சிகிச்சை, உள்ளுக்கு ஒன்றும் வெளிக்கு ஒன்றுமாக எப்பொழுதும் இரட்டையாகவே நடந்திருக்கிறது. சுக்கும் சிற்றரத்தையும் சேர்ந்த கஷாயம், அமுக்கராச் சூரணம், பறங்கிப்பட்டை, முடக்கத்தான் கீரை அரைத்த தோசை ஆகியவை உள்ளுக்கு. வாதநாராயணன் இலையும் நொச்சித் தழையும் போட்டுக் காய்ச்சிய வெந்நீர், எண்ணெய்த் தொக்கணம், ஒற்றடம் ஆகியவை வெளிக்கு. இவற்றுள் இலைக்கிழி கட்டுவதை அருகிருந்து பார்ப்பது ஒரு பாடம். நொச்சி, எருக்கு, புளி முதலிய இலைகளைப் பொடிப்பொடியாக அரிந்து, தேங்காய்த் துருவலும் எலுமிச்சைத் துண்டும் கூட்டி, இருப்புச் சட்டியில் எண்ணெய் விட்டுத் தேங்காய் சிவக்கும்வரை வதக்குவார்கள். கெட்டியான துணியில் ஒரு பிடி வைத்து, நுனிகளைச் சேர்த்து முறுக்கிக் கயிறு சுற்றினால் கைப்பிடியோடு கூடிய மூட்டையாகும். இரண்டு மூட்டைகள் வேண்டும். ஒன்று சட்டியில் சூடேறும்போது மற்றொன்று மூட்டின்மேல் உருளும். சிகிச்சை செய்பவர் தம் புறங்கையில் வைத்துச் சூடு பார்த்த பின்பே நோயாளியின்மேல் வைப்பார். அந்தச் சூடும் பிடித்துவிடும் கையும், வலியால் இறுகிய தசையைத் தளர்த்திச் சில மணி நேரமாவது நிம்மதி அளிக்கின்றன என்பதை எந்த டாக்டரும் மறுக்கமாட்டார். எலும்பு அரிப்பை அது தடுக்குமா என்பது வேறு கேள்வி. அந்தக் கேள்வியைக் கேட்பதற்குக்கூட எக்ஸ்ரே வரவேண்டியிருந்தது.

மேல்நாட்டார் மருந்துகளின் வம்சாவளியை ஆராய்ந்தால் அங்கும் மரப்பட்டைகளே முன்னே வந்து நிற்கின்றன. வில்லோ மரத்தின் பட்டை குளிர்ஜுரத்தைத் தணிக்கிறது என்று எட்வர்ட் ஸ்டோன் என்ற பாதிரியார் 1763-இல் ராயல் சங்கத்துக்கு எழுதினார். அப்பட்டையின் சாரத்தை 1876-இல் மக்லகன் என்ற டாக்டர் மூட்டுக்களை வீங்கச் செய்யும் வாத ஜுரத்துக்குக் கொடுத்தார். அவ்வழியில் வந்த ஆஸ்பிரின் 1899-இல் கடைக்கு வந்தது. சிங்கோனாப் பட்டையோ நமக்கு அயலானதன்று. 1860-களில் நீலகிரியில் அரசாங்கத்தார் தோட்டம் போட்டு, நடுவட்டத்தில் தொழிற்சாலை வைத்து, அதிலிருந்து கொயினா எடுத்தார்கள். கொயினாவுக்குப் பதிலாகச் செயற்கையில் செய்த மலேரியா மருந்துகளை இரண்டாம் உலக யுத்தத்தில் விழுங்கிய சிப்பாய்கள் சிலருக்குத் தோல் தடிப்பும் மூட்டுவலியும் குறைந்ததைக் கண்டுதான், அவ்வினத்து மருந்தாகிய ஹைட்ராக்ஸிக்குளோரோகுயின் முடக்குவாதத்துக்கு வந்து சேர்ந்தது. தங்கத்தின் கதை இன்னும் வேடிக்கை. தங்க உப்பு காசக் கிருமியின் வளர்ச்சியைத் தடுக்கிறது என்று ராபர்ட் காக் 1890-இல் கண்டார். முடக்குவாதமும் காசத்துக்கு உறவு என்று தவறாக எண்ணிய பிரெஞ்சு டாக்டர் ஷாக் போரஸ்தியே 1929-இல் தங்க ஊசி போட்டார். எண்ணம் தவறாயினும் ஊசி பலித்தது. பல தசாப்தங்கள் அதுவே முதன்மை மருந்தாக இருந்தது. இதைக் கேள்வியுற்ற நம்மவர் சிலர், தங்க பற்பம் செய்த சித்தர்கள் இதை அன்றே அறிந்தார்கள் என்று பெருமிதங்கொள்கிறார்கள். பற்பம் பெரும்பாலும் உடல் தேற்றும் காயகற்பமாகவே வழங்கிற்று. ஊசியிலேற்றுவதோ கரையும் உப்பு. ஒரே உலோகம் என்பதற்குமேல் அங்கே உறவு கொண்டாட ஒன்றுமில்லை.

1948 செப்டம்பரில் அமெரிக்காவின் மேயோ வைத்தியசாலையில், படுக்கையில் திரும்பவும் மாட்டாதிருந்த 29 வயதுப் பெண்ணொருத்திக்குப் பிலிப் ஹெஞ்ச் என்பவர் கார்டிஸோன் ஊசி போட, சில நாட்களில் அவள் எழுந்து நடந்தாள். 1950-இல் ஹெஞ்சுக்கும் கெண்டால், ரைக்ஸ்டைன் என்போருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. பரிசு கிடைக்கும் முன்பே மருந்தின் மறுபக்கமும் வெளிப்படத் தொடங்கிவிட்டது: உப்பிய முகம், நொறுங்கும் எலும்பு, ஏறும் சர்க்கரை, நிறுத்தினால் பழையபடி வலி. இந்த ஸ்டீராய்டு வகை மலிவான மாத்திரையாக வந்தபின் நம் நாட்டில் நிகழ்ந்த அக்கிரமம் ஒன்று உண்டு. பெயரில்லாத பொட்டலத்தில், மூலிகைச் சூரணம் என்ற பெயரால், அதைப் பொடித்துக் கலந்து விற்போர் கிளம்பினார்கள். மூன்றே நாளில் வலி பறந்தால் நோயாளி வைத்தியரைத் தெய்வமாகக் கும்பிடுவாள்; பொட்டலம் தீர்ந்து அவர் ஊரில் இல்லாத நாளில் மயங்கி விழுவாள். மெய்யான மூலிகை அவ்வளவு வேகமாக வேலை செய்வதில்லை என்பதை நேர்மையான சித்த வைத்தியர்களே முதலில் சொல்வார்கள்.

இரு வைத்தியங்களுக்கும் நடுவே சுவர் எழுந்த காலத்தை இனிக் கவனிப்போம். 1914-இல் சென்னை மாகாணத்தில் வைத்தியர் பதிவுச் சட்டம் வந்தது. மேல்நாட்டு முறையில் தேர்ந்தவர்களின் பெயர் மட்டும் பதிவேட்டில் ஏறியது; அவ்வாறு ஏறியவர், பதிவில்லாத வைத்தியரோடு கூடித் தொழில் நடத்துவது ஒழுக்கக் கேடாகக் கருதப்பட்டது. அதாவது, மயிலாப்பூரில் 1905 முதல் நடந்துவந்த வெங்கடரமணா ஆயுர்வேதக் கல்லூரி போன்ற இடத்தில் ஓர் எம்.பி. டாக்டர் காலெடுத்து வைப்பதே அவர் பிழைப்புக்கு ஆபத்து. 1918-இல் அரசாங்கத்தார் டாக்டர் கோமன் என்பவரை நாட்டு மருந்துகளைப் பரீட்சிக்க நியமித்தார்கள். அவர் சில மருந்துகளை மெச்சினாலும் சாஸ்திரத்தை மெச்சவில்லை. வைத்தியர்கள் கொதித்தெழுந்தார்கள். அதன் விளைவாக 1921-இல் முகம்மது உஸ்மான் தலைமையில் ஒரு கமிட்டி அமைந்து, 1923-இல் அறிக்கை வெளியாயிற்று. கமிட்டியின் காரியதரிசியாக இருந்த காப்டன் ஜி. ஸ்ரீநிவாஸ மூர்த்தி மேல்நாட்டு வைத்தியத்தில் தேர்ந்த டாக்டர். இந்திய வைத்தியத்துக்கும் தத்துவ அடிப்படை உண்டு என்று வாதாடியவர். கீழ்ப்பாக்கத்தில் தொடங்கிய இந்திய வைத்தியப் பள்ளிக்கு அவரே தலைவரானார். சித்தம், ஆயுர்வேதம், யூனானி மூன்றில் ஒன்றைக் கற்கும் மாணவன் அங்கே மேல்நாட்டு உடற்கூறும் கற்றான். இரண்டையும் ஒரே மூளையில் வைக்கலாமென்ற அந்த நன்முயற்சி நாற்பது ஆண்டுகூட நீடிக்கவில்லை. 1960-இல் அவ்விடம் கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரியாகி, முழுதும் அலோபதிக்குப் போய்விட்டது.

அக்காலத்துச் சென்னையில் அந்தச் சுவரைப் பொருட்படுத்தாத ஒருவர் டாக்டர் ஆசண்ட லக்ஷ்மீபதி. மேல்நாட்டு வைத்தியம் பயின்று, பிறகு ஆயுர்வேதத்தில் ஈடுபட்டுக் கல்லூரி நடத்தியவர். எழும்பூரில் எவர் பெயரால் இன்று சாலை இருக்கிறதோ அந்த ருக்மணி லக்ஷ்மீபதி அம்மையாரின் கணவர். அவருடைய கல்லூரிக்கு 1920-களின் தொடக்கத்தில் உடற்கூறு போதிக்க வந்த தெலுங்கு இளைஞர் எல்லப்ரகட சுப்பாராவ். சென்னை மருத்துவக் கல்லூரியில் கதர் அங்கி அணிந்து அறுவைச் சிகிச்சைக்கூடத்துக்குப் போனதால் ஆங்கிலேயப் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாகி, எம்.பி. பட்டத்துக்குப் பதில் அதனினும் தாழ்ந்த எல்.எம்.எஸ். பட்டமே பெற்றவர், அரசாங்க உத்தியோகம் கிடைக்காமல் அங்கே வந்தார். சகோதரர் இருவரை ஸ்ப்ரூ என்னும் குடல் நோய்க்கு அடுத்தடுத்துப் பறிகொடுத்த அவருக்கு அதே நோய் வந்தபோது லக்ஷ்மீபதியின் மருந்தே உயிர் காத்தது என்பர். ஆயுர்வேத ஔஷதங்களை நவீன முறையில் ஆராயவேண்டும் என்ற ஆவல் அவருக்கு அங்கேதான் பிறந்தது. 1922 அக்டோபரில் கையில் காசில்லாமல் பாஸ்டன் நகரம் போய் இறங்கினார்.

பிறகு நடந்ததைப் பலரும் அறிவார்கள். அறியவேண்டிய அளவுக்கு அறியார்கள். ஹார்வர்டில் ரசாயன ஆராய்ச்சியில் பேர் பெற்றும் நிலையான ஸ்தானம் கிடைக்காமல், 1940-இல் லெடர்லே கம்பெனியின் ஆராய்ச்சிக்கூடத்துக்கு மாறினார். அவருடைய குழுவினர் 1945-இல் போலிக் அமிலத்தைச் செயற்கையில் உண்டாக்கினார்கள். ஸ்ப்ரூ நோய்க்கு அது மருந்தாயிற்று. அந்த அமிலத்தின் உருவத்தைச் சிறிதே மாற்றி, உயிரணுக்களை ஏமாற்றி அவற்றின் பெருக்கத்தைத் தடுக்கும் எதிர்மருந்துகளையும் அதே குழுவினர் செய்தார்கள். அவற்றுள் ஒன்றாகிய அமினோப்டரினைக் கொண்டு சிட்னி பார்பர் என்ற டாக்டர் குழந்தைகளின் ரத்தப் புற்றுநோயை 1948-இல் தற்காலிகமாக அடக்கிக் காட்டினார். அவ்வாண்டு ஆகஸ்டிலேயே சுப்பாராவ் காலமானார். 1951-இல் ரிச்சர்ட் கப்னர் என்பவர் முடக்குவாத நோயாளிகள் சிலருக்கு அமினோப்டரின் கொடுத்து நற்பலன் கண்டார். ஆனால் உலகம் அப்பொழுது கார்டிஸோன் மயக்கத்தில் இருந்தது; செவிசாய்ப்பார் இல்லை. முப்பத்துச் சொச்சம் ஆண்டுகள் கழித்து, அமினோப்டரினின் தம்பியாகிய மெதோட்ரெக்ஸேட்டைப் பற்றிய ஒழுங்கான பரீட்சைகள் 1985-இல் வெளிவந்து, 1988-இல் அமெரிக்க அரசாங்கத்தார் அதை இந்நோய்க்கு அங்கீகரித்தார்கள். இன்று உலகமெங்கும் முடக்குவாதத்துக்கு முதலில் எழுதப்படும் மருந்து அதுவே. வாரத்துக்கு ஒரே ஒரு நாள் விழுங்கவேண்டிய அந்தச் சின்ன மாத்திரையையும், அதன் கொடுமையைத் தணிப்பதற்காக வேறு நாளில் விழுங்கும் போலிக் அமிலத்தையும் சேர்த்து வாங்குகிற நோயாளி, ஆயுர்வேதக் கல்லூரியில் வாத்தியாராக இருந்த ஒருவரின் ஆராய்ச்சிக்கூடத்து விஷத்தையும் முறிவையும் ஒருங்கே வாங்கிப் போகிறாள்.

கோயமுத்தூருக்கு வருவோம். மலையாளத்திலிருந்து வந்த பி. வி. ராம வாரியர் 1943-இல் அந்நகரில் ஆரிய வைத்திய பார்மஸியை நிறுவினார். ராமநாதபுரத்தில் திருச்சி சாலையில் வைத்தியசாலையும் ஏற்பட்டது. பிழிச்சில், நவரக்கிழி முதலிய வெளிச் சிகிச்சைகள் மணக்கும் அந்த வளாகத்தில், உலக சுகாதார ஸ்தாபனத்தின் ஆதரவோடும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் கூட்டுறவோடும், 1977 முதல் 1984 வரை முடக்குவாத நோயாளிகளுக்கு ஆயுர்வேத முறைப்படி சிகிச்சை செய்து பலனைக் குறித்துவந்தார்கள். பலருக்கு நன்மை தெரிந்தது. ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க மற்றொரு கூட்டம் அதில் இல்லை; தானே தணியும் நோயில் அது பெரிய குறை என்று விமரிசகர்கள் சொன்னதை மறுப்பதற்கில்லை.

அக்குறையைத் தீர்க்க அமெரிக்காவின் கலிபோர்னியா சர்வகலாசாலையைச் சேர்ந்த டேனியல் பர்ஸ்ட் என்ற முடக்குவாத நிபுணர் கோயமுத்தூர் வைத்தியர்களோடு கூடினார். நோயாளிகள் 43 பேர், மூன்று கூட்டம். ஒரு கூட்டத்துக்கு மெய்யான ஆயுர்வேத மருந்தும் போலி மெதோட்ரெக்ஸேட்டும், ஒன்றுக்கு மெய்யான மெதோட்ரெக்ஸேட்டும் போலி ஆயுர்வேத மருந்தும், ஒன்றுக்கு இரண்டும் மெய். யாருக்கு எது என்பது நோயாளிக்கும் தெரியாது, பரிசோதிப்பவருக்கும் தெரியாது. மாத்திரைக்குப் போலி செய்வது சுலபம். கஷாயத்தின் கசப்புக்கும் மணத்துக்கும் சிறுவயது முதல் பழகிய நாக்கை ஏமாற்றுவது சுலபமா? அதைவிடப் பெரிய சங்கடம், எல்லோருக்கும் ஒரே மருந்து என்பது ஆயுர்வேதத்துக்கு ஒவ்வாது. நோய் ஒன்றாயினும் பிரகிருதி வேறானால் மருந்து வேறு. ஆகையால் தேகவாகு பார்த்து மருந்தைத் தேர்ந்து கொடுக்கும் சுதந்திரத்தை வைத்தியர்களுக்கு விட்டுவைத்தே பரீட்சையை அமைத்தார்கள். நாடி பார்க்கிறவர் ஒரு பக்கம்; தோள் முதல் விரல் வரையிலும் முழங்காலிலும் 28 மூட்டுக்களைக் கட்டைவிரலால் அழுத்தி, வலிக்கிறதா, வீங்கியிருக்கிறதா என்று எண்ணிக் குறிக்கிறவர் மற்றொரு பக்கம்.

36 வாரம் சென்றது. மூன்று கூட்டத்தாரும் ஏறக்குறைய ஒரே அளவில் குணம் அடைந்திருந்தார்கள் என்று 2011-இல் முடிவு வெளியாயிற்று. ஆயுர்வேதம் மட்டும் பெற்றவர்களுக்கு மருந்தால் வந்த தொல்லைகள் சற்றுக் குறைவு. இரண்டையும் சேர்த்து உண்டவர்களுக்கு இரட்டிப்பு நன்மை கிடைக்கவில்லை. ஆயுர்வேதம் வென்றது என்று ஒரு சாரார் முழங்கியதும், 43 பேரை வைத்து என்ன சொல்லமுடியும் என்று மறுசாரார் உதறியதும் எதிர்பார்த்தவையே. எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. நோயாளிகள் வீட்டில் ஒளித்துச் செய்துவந்த காரியத்தை முதன்முறையாக அங்கே வெளிச்சத்தில், இருவர் கண்ணெதிரே, கணக்கெழுதிச் செய்தார்கள்.

சீனர்கள் இதில் இன்னும் ஒருபடி முன்னே சென்றார்கள். லேய் குங் தெங் என்னும் இடித்தெய்வக் கொடியின் சாரத்தையும் மெதோட்ரெக்ஸேட்டையும் ஒப்பிட்டு 207 பேரிடம் நடத்திய பரீட்சையின் முடிவு 2014-இல் வெளியாயிற்று. மெதோட்ரெக்ஸேட் மட்டும் பெற்றவருள் நூற்றுக்கு 46 பேருக்கும், கொடி மட்டும் பெற்றவருள் 55 பேருக்கும், இரண்டும் பெற்றவருள் 77 பேருக்கும் நோய் பாதியளவாவது தணிந்தது. எனினும் அக்கொடி, ஆண் பெண் இருபாலாரிடத்தும் மலட்டுத்தன்மை விளைவிக்கக் கூடியது. பிள்ளை பெறும் வயதினர்க்கு ஆகாது. மூலிகை என்றால் தீங்கில்லை என்று நினைப்போர் இதைக் குறித்துக்கொள்வது நலம். பாஸ்டன் நகரத்துக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேத மருந்துகளுள் 14-இல் ஈயம், பாதரசம், பாஷாணம் இவற்றுள் ஒன்றேனும் இருந்ததாக 2004-இல் வெளியான ஆராய்ச்சியும் உண்டு. மெதோட்ரெக்ஸேட் சிறுநீரின் வழியே கழிவது. சரியாக முடியாத பற்ப செந்தூரங்களால் சிறுநீரகம் பழுதுபட்டால், அளவான மாத்திரையே அளவு மீறிய விஷமாகத் தேங்கிவிடும். இதற்கு வைத்தியரையோ டாக்டரையோ தனியே குற்றம் சொல்ல முடியாது, ஒருவர் கொடுத்தது மற்றவருக்குத் தெரியாதாகையால்.

தமிழ்நாட்டு அரசாங்க ஆஸ்பத்திரிகளில் இன்று சித்த மருத்துவப் பிரிவு ஒரே மதிலுக்குள் இருக்கிறது. ஆனால் அங்கே ஒரு சீட்டு, இங்கே ஒரு சீட்டு. அங்குள்ள ரத்தப் பரிசோதனைக் காகிதம் இங்கே வருவது நோயாளியின் விருப்பத்தைப் பொறுத்தது. மெதோட்ரெக்ஸேட் எழுதும் டாக்டர், கல்லீரலைக் கருதி, குடிப்பழக்கம் உண்டா என்று விசாரிக்கிறார். ஐம்பது வயது அம்மாள் காதைப் பொத்திக்கொள்ளாத குறையாக இல்லை என்கிறாள், அது சத்தியம்தான். காலையும் மாலையும் அவள் அளந்து குடிக்கும் அரிஷ்டத்தில், அது தானே புளித்து நொதிப்பதால், நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பங்குவரை சாராயச் சத்து இருக்கும் என்பதை அவள் அறியாள்; டாக்டருக்கோ அவள் அரிஷ்டம் குடிப்பதே தெரியாது. இரண்டு அவுன்ஸில் பெரிய கேடு வந்துவிடாது என்றே வைத்துக்கொள்வோம். கத்தரிக்காய் கூடாது, கருவாடு கூடாது, புளியைக் குறை என்று பத்தியத்தை நிமிஷக்கணக்கில் ஒப்புவிக்கிற வைத்தியரும், ஞாயிற்றுக்கிழமைதோறும் அவள் விழுங்கும் மஞ்சள் மாத்திரையைப் பற்றி ஒரு கேள்வி கேட்பதில்லை.